பனிநிலத்தின் கருப்பொருள்



இலக்கணம் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிய நிலம் ஒன்றைக் கண்டால், இது எந்தத் திணை என்று மனம் தானாகவே கேட்கும். 2018ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், நோர்வே நாட்டின் வடகோடியிலே, மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு வெள்ளை மேட்டின் மீது, பனி ஸ்கூட்டர் ஒன்றின் பின்னிருக்கையில் இருந்தபடி நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். விடை உடனே கிடைக்கவில்லை. கிடைத்த அளவை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உறைபனி மூடிய நிலம் நம்முடைய ஐந்திணைக் கணக்கில் இல்லை. தொல்காப்பியர் கூறும் முன்பனியும் பின்பனியும் மார்கழி தொடங்கிப் பங்குனி வரையுள்ள நம் மாதங்களுக்கு உரியவை. அங்கே பனி என்பது புல்நுனித் துளி, விடியற்காலை மூட்டம், அவ்வளவே. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தலையிலே துவாயைப் போட்டுக்கொண்டு போனால் தீர்ந்துவிடும் பனி. அதே சொல்லைத்தான் நாம் இன்று துருவத்துக்கும் வைத்திருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்பனியைத் தொல்காப்பியர் பாலைக்கும் உரியதாக்குகிறார். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. பிரிந்து போனவர்களின் திணைக்குள் பனி நுழைவதற்கு ஒரு சிறு வாசல் அன்றே திறந்துதான் இருந்திருக்கிறது.

அந்த வாசல் வழியாக நம்மவர்கள் போன கதை பலருக்கும் தெரிந்ததே. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குச் சென்றார். பின்னர் அவருடைய முயற்சியால் சீநோர் என்னும் நிறுவனம் தோன்றிக் காரைநகரில் படகு கட்டியதும், குருநகரில் வலை பின்னியதும் வரலாறு. அவரைத் தொடர்ந்து இளைஞர்கள் அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராகப் போயினர். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து போர் துரத்தியவர்கள், வடக்கே ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகள் வரை போய்ச் சேர்ந்தனர். உள்ளூர் இளையோர் தெற்கு நகரங்களுக்குப் போய்விட, மீன் வெட்டும் மேசையில் ஆள் தேவைப்பட்ட காலம் அது. என் அக்காவின் கணவர் 1987இல் அப்படிப் போனவர். அத்தான் இருக்கும் ஊர் பாட்ஸ்ஃபியோர்ட். இரண்டாயிரம் பேரளவில் வாழும் துறைமுகம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த ‘பனியும் பனையும்’ 1994இல் வெளிவந்தது. நோர்வேயிலிருந்து ‘சுவடுகள்’ என்ற சஞ்சிகை வந்துகொண்டிருந்த காலமும் அதுவே. புலம்பெயர்ந்தோர் எழுத்து நாளை தமிழுக்குத் தலைமை தாங்கும் என்று எஸ்.பொ. அடித்துப் பேசினார். அந்தக் கதைகளையும் கவிதைகளையும் நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அவற்றில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. அங்கே பனி பெரும்பாலும் யன்னலுக்கு வெளியே பெய்கிறது. கதாபாத்திரம் உள்ளே இருந்து அதைப் பார்த்துப் பனையை நினைக்கிறது. பனி ஓர் உணர்ச்சியின் பெயராக வருகிறதே தவிர, நிலத்தின் பெயராக வருவதில்லை. அந்த நிலத்தில் என்ன விலங்கு நடக்கிறது, என்ன பறவை ஒளிகிறது, எந்த நாளில் பனி மனிதனைத் தாங்கும், எந்த நாளில் விழுங்கும் என்பதற்கு நம் எழுத்தில் பதில் குறைவு. முதற்பொருளும் உரிப்பொருளும் இருக்கின்றன, கருப்பொருள் இல்லை. இரவு வேலை முடித்து, விறைத்த விரலோடு வந்து பேனை பிடித்தவர்களை நான் குற்றம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வேலைத் தலமும் வீடும்தான் அவர்களுக்கு நிலமாக வாய்த்தன. ஃபின்மார்க்கின் மீன்பிடிக் கிராமமொன்றில் தமிழரிடையே ஆய்வு செய்த அன் சிக்ஃப்ரிட் க்ரொன்செத் என்ற மானிடவியலாளர் 2010இல் நூலொன்றை வெளியிட்டார். மருத்துவர் பெயர் சொல்ல முடியாத உடம்பு வலிகளோடு நம்மவர்கள் அங்கே வாழ்ந்ததை அந்நூல் பேசுகிறது. பெயரில்லாத வலிக்கும் பெயரில்லாத நிலத்துக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சரி, அந்த ஸ்கூட்டருக்கு வருவோம்.

முன்னாலே திசை திருப்ப இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னாலே பற்கள் வைத்த அகன்ற இறப்பர் பட்டி. அதுதான் வண்டியைத் தள்ளுகிறது. சேற்று வயலில் உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லுப் பூட்டுகிறோம் அல்லவா, பாரத்தைப் பரப்பிப் புதையாமல் போகும் அதே தத்துவம். விசையைப் பெருவிரலால் அமுக்க வேண்டும். ஓட்டுபவரின் உடையிலிருந்து ஒரு சுருள் கயிறு எஞ்சினோடு தொடுத்திருக்கும். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். பின்னாலே சாமான் ஏற்ற ஒரு சறுக்குவண்டி. இதை ஓட்டத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். என்னிடம் அது இல்லாதபடியால் ஏழு நாளும் அத்தானின் முதுகுக்குப் பின்னாலேயே உலகம் பார்த்தேன். நினைத்த இடமெல்லாம் ஓடவும் முடியாது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுவெளியில் மோட்டார் வண்டி ஓட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஃபின்மார்க்கில் கம்பு நட்டு அடையாளமிட்ட தடங்கள் உண்டு. அவற்றின் வழியே போகலாம்.

இந்த வண்டியின் பிறப்பில் ஒரு துயரம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற இயந்திரக் கைவினைஞர் இருந்தார். 1934 மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். பனி பாதையை மூடிவிட்டதால் மருத்துவமனைக்குக் கொண்டு போக முடியவில்லை, பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டி செய்வதில் முன்னரே ஈடுபட்டிருந்த அந்தத் தகப்பன் அதன் பின் அதை விடவில்லை. 1937இல் பலர் ஏறிச் செல்லும் பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறும் சிறு வண்டி 1959இல் வந்தது. அதற்கு அவர் வைக்க நினைத்த பெயர் ஸ்கீ டோக், அதாவது பனிச்சறுக்கு நாய் என்றும், அச்சுப் பிழையால் அது ஸ்கீ டூ ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள். நாய் இழுத்த வேலையை எடுத்துக்கொண்ட வண்டி நாயின் பெயரைத் தொலைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் நாங்கள் தூண்டில் போடுவதற்காக உள்ளே ஓர் ஏரிக்குப் புறப்பட்டோம். காலையில் வெயில். பத்து மணிக்குப் பிறகு வானம் மெல்ல மூடியது. பனி பெய்யவில்லை, காற்றும் இல்லை. ஆனால் நிழல் போய்விட்டது. மேகத்தின் வெள்ளையும் நிலத்தின் வெள்ளையும் ஒன்றாகி, மேடு எது, பள்ளம் எது, ஐந்து அடிக்கு முன்னால் இருப்பது என்ன என்பதெல்லாம் மறைந்துவிட்டன. இருட்டிலே கண் தெரியாமல் போவதை அறிவோம். இது வெளிச்சத்திலே கண் தெரியாமல் போவது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அத்தான் வண்டியை நிறுத்தினார். ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, குத்திக் குத்திப் பார்த்து முன்னே நடந்தார். அவருடைய சப்பாத்தின் அடையாளம் விழுந்த பிறகுதான் அங்கே நிலம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. சஞ்சிகைக்குச் சுவடுகள் என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் அங்கேதான் கண்டேன். வண்டியின் குதிரைவலு அந்த நேரத்தில் ஒரு சதத்துக்கும் பயன்படவில்லை.

புதிய நிலத்துக்குப் போகிறவன் கருவியை நம்புவதா, அந்த நிலத்து மனிதரை நம்புவதா என்ற கேள்வி பழையது. 1845இல் ஆங்கிலேயரான ஜோன் பிராங்ளின் இரண்டு கப்பல்களோடு வடமேற்குக் கடல்வழி தேடிப் போனார். புத்தகசாலையும் வெள்ளிக் கரண்டிகளும் கப்பலில் இருந்தன. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1903இல் நோர்வேக்காரரான அமுன்சென் ஒரு சிறிய படகில் ஆறு துணைவரோடு அதே வழி போனார். வழியில் இரண்டு மாரிகாலம் தங்கி, நெட்சிலிக் மக்களிடம் தோலாடை உடுத்தவும் நாய் பூட்டவும் கற்றார். கடந்தும் போனார்.

ஃபின்மார்க்கின் அந்த நிலத்து மனிதர் யார்? சாமி மக்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரே அது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்னும் நான்கு நாடுகளின் வடபகுதியில் வாழும் பழங்குடியினர். அவர்களுள் ஒரு பகுதியினர் துருவமான் மேய்ப்பவர்கள். துருவ மக்களிடம் பனிக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் பெரும் ஊதல் இருக்கிறது. போவாஸ் என்ற அறிஞர் 1911இல் எஸ்கிமோ மொழியிலிருந்து காட்டியது நான்கே சொற்கள். பத்திரிகைகள்தாம் அதை வளர்த்துவிட்டன. ஆனால் சாமி மொழியின் சங்கதி வேறு. ஓலே ஹென்ரிக் மாக்கா என்ற மொழியியலறிஞர், நோர்வேச் சாமிப் பாராளுமன்றத்தின் முதல் தலைவராக இருந்தவர், 2006இல் எழுதிய கட்டுரையில் பனிக்கும் துருவமானுக்கும் உரிய சொற்களை வகைவகையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். புதிதாக விழுந்து தளர்ந்து கிடக்கும் பனி வாஹ்ட்சா. காற்று இறுக்கிய பனி செயார்கா. பகலில் உருகி இரவில் இறுகி, ஆளைத் தாங்கும் மேலோடு ட்சூஓங்கு. அடியிலே சீனி போல உதிரும் பனி செயாங்காஷ். குவோஹ்துன் என்று ஒரு சொல். பனியைக் காலால் கிளறி மான் தன் உணவை எட்டக்கூடிய நிலைமை முழுவதையும் அது ஒன்றே சொல்லிவிடும். இவற்றுள் ஒன்றுகூட அழகுக்காக ஏற்பட்டதல்ல. மாரியில் மழை பெய்து நிலத்தோடு பனிக்கட்டி படிந்தால் மான் பட்டினி கிடந்து சாகும். பூமி சூடாகிவரும் இந்நாளில் அப்படியான மழை அடிக்கடி வருகிறது. சொல் தெரிந்தவன் மந்தையை நேரத்துக்கு நகர்த்துவான்.

இந்தச் சொற்களுக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன தொடர்பு? பின்லாந்தின் செவெட்டியார்வி என்ற ஊர்ச் சாமி மக்களிடையே பெர்ட்டி பெல்டோ என்னும் மானிடவியலாளர் ஆய்வு செய்து, 1973இல் நூலாக்கினார். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே முதல் பனி ஸ்கூட்டர் வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் மான் இழுத்த சறுக்குவண்டி மறைந்தது. வேகம் வந்தது, கடை, மருத்துவமனை எல்லாம் கிட்டின. ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு மிரண்ட மான்கள் மனிதரை விட்டு விலகிக் காட்டுத்தன்மை கொண்டன. வண்டி வாங்கவும் பெற்றோல் அடிக்கவும் காசில்லாத குடும்பங்கள் மந்தையை இழந்தன. மானோடு நடந்து போகிறவனுக்குக் காலடியில் உள்ள பனி ஒவ்வொரு அடியிலும் பேசும். வண்டியில் போகிறவனுக்கு அந்த உரையாடல் பாதியில் அறுந்துவிடும் அல்லவா?

இந்தக் கதையை நான் ஊர் திரும்பியதும் முதலில் சொன்னது வரிப்பத்தான்சேனையில் உள்ள ஒரு நண்பருக்கு. எழுபதைத் தாண்டியவர். இறக்காமத்து வயல்வெளியில் வேளாண்மை செய்தே மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். அவர் கேட்ட முதற் கேள்வி குளிரைப் பற்றியதல்ல. “அந்த வெள்ளக் காட்டுக்குள்ள வழிய எப்புடிப் புடிக்கிற சேர்?” என்றார். அத்தான் கம்போடு நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “எரும கட்டிச் சூடு மிதிச்ச காலத்துல இருட்டுக்குள்ளயும் எங்கட வரம்பு காலுக்குத் தெரியும். இப்ப மெசின்ல வெட்டுறம், பகல்லயும் தெரியிதில்ல” என்றார்.

அவர் சொன்னது வரம்பை மட்டுமல்ல. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பின், எங்கள் மாவட்டத்து வயலின் முகமே மாறியது. உழவு இயந்திரம் வந்தது. பிறகு அறுவடை இயந்திரம். முதுகு ஒடிந்த வேலை குறைந்தது. அதை நான் பழிக்கமாட்டேன். பழிக்கிறவர்கள் ஒருநாளாவது கதிர் அறுத்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஆனால் களவெட்டி போயிற்று. களத்திலே நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொன்ன மரியாதை போயிற்று. பொலிப் பாட்டுப் போயிற்று. முல்லைக்காரன், அவணம், மரைக்கால் என்ற சொற்களை என் மாணவர்களிடம் சொன்னால் சங்க இலக்கியத்து அருஞ்சொல் என்று நினைத்து எழுதிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மூத்தப்பாமார் பேசிய சொற்கள்! சேனை என்பது காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட நிலம் என்பதை, சேனை என்று முடியும் ஊர்களில் பிறந்த பிள்ளைகளுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் அந்தக் காட்டுக்குள் புதியவராகப் போனவர்கள் வைத்த பெயர்கள் அல்லவா இவை.

ஆகவே பனிநிலத்துக்குக் கருப்பொருள் தேட வேண்டுமானால், தொல்காப்பியர் தந்த எட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கத்தான் வேண்டும். விலங்கு துருவமான். பறவை, மாரியில் இறகு வெளுத்துப் பனிக்குள் பனியாகப் பதுங்கும் ஒருவகைக் காட்டுக்கோழி. மரம், உள்ளே போனால் முழங்கால் உயரத்துக் குள்ளப் பூர்ச்சை. உணவு, மரச்சட்டங்களில் காற்றிலே தொங்கி உலரும் கொட் மீன். உப்பில்லாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பறைக்கு வரும்போது நான் திடுக்கிட்டேன். சாமி மக்களின் பூசகர் ஒரு தோற்பறை வைத்திருந்தார். கிறிஸ்தவ அரசுகள் அவற்றைப் பறித்து அழித்தன. பாட்ஸ்ஃபியோர்ட் இருக்கும் அதே வராங்கர் தீபகற்பத்தின் வாட்சோ நகரில், 1692இல், அன்டெர்ஸ் பவுல்சன் என்ற முதியவரைப் பறை வைத்திருந்த குற்றத்துக்காக விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன்னே ஒருவன் அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். பறை டென்மார்க் அரச சேகரிப்புக்குப் போயிற்று. 2022இல்தான் அது சாமி மக்களுக்கே உரிமையாகத் திரும்பியது. இப்போது கராஷொக் நகரிலுள்ள அவர்களுடைய நூதனசாலைக்கு உரியது. ஒரு பறை வீடு திரும்ப 330 ஆண்டுகள்.

எட்டாவதாகிய யாழுக்கு அவர்களுடைய யொய்க் என்ற பாடல்முறையைச் சொல்லலாம். அவர்கள் ஒருவரைப் பற்றி யொய்க் பாடுவதில்லை, அவரையே பாடுகிறார்கள். அந்த மரபில் வந்த நில்ஸ் அஸ்லாக் வால்கெயாபா என்ற கவிஞர், ‘சூரியன், என் தந்தை’ என்னும் பொருள்படும் நூலுக்காக 1991இல் நோர்டிக் சபையின் இலக்கியப் பரிசைப் பெற்றார். அந்த நூலிலே ஓரிடத்தில், துருவமானைக் குறிக்கும் சொற்கள் பக்கம் பக்கமாகச் சிதறி, நடந்து போகும் மந்தை போலவே காட்சி தருகின்றன. நூலை நோர்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தபோது அந்தப் பகுதியை மட்டும் பெயர்க்காமல் சாமி மொழியிலேயே விட்டார்கள். படித்துப் புரியாத பக்கங்களில் மந்தை மட்டும் நடந்து போகும்.

இனி, என் மனக்குறைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் காலை, அக்காவின் கடைசி மகள், என் மருமகள், அப்போது பன்னிரண்டு வயது, என்னை வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு அழைத்துப் போனாள். பனியின் மேல் காலை வைக்கத் தயங்கினேன். “பயப்பிடாதீங்க மாமா, இது தாங்கு பனி. பத்து மணிக்குப் புறகு வந்தாத்தான் முழங்கால் மட்டும் புதையும்” என்றாள். ட்சூஓங்கு என்பதற்கு இதைவிடச் சரியான தமிழை எந்த அகராதிக் குழுவும் செய்திருக்காது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அக்காதானாம். விடியற்காலை மீன் தொழிற்சாலைக்குக் குறுக்குவழியாக நடந்து போகலாமா, சுற்றித்தான் போக வேண்டுமா என்று பார்ப்பதற்கு அவளுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. நிழல் மறைந்து கண் தெரியாமல் போகும் வெளிச்சத்துக்கு அத்தான் வைத்திருந்த பெயர் கண்கட்டு. ஏரியின் மேற்பனி பாரத்தால் அமுங்க, வெடிப்பு வழியே நீர் மேலேறிப் பனிக்கு அடியில் ஒளிந்து நிற்குமே, ஸ்கூட்டரை விழுங்கும் அந்த இடத்துக்குக் கள்ளத் தண்ணி. முப்பது ஆண்டுகளாக அடுப்படியிலும் வேலைத் தலத்திலும் புழங்கிய இச்சொற்களில் ஒன்றையும் நான் அச்சில் கண்டதில்லை.

அன்றிரவு குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். எட்டு மணிக்கும் வெளியே நல்ல வெளிச்சம். பதினொரு சொற்கள் சேர்ந்தன. பன்னிரண்டாவதாக அக்கா ஒன்று சொன்னாள். வழுக்கும் பனியில் மீன் பெட்டியோடு விழுகிற மேலாளருக்கு உரிய பெயர் அது. வானொலியில் சொல்லக்கூடியது அல்ல.